கதவு வரலன்னா இழுக்காதீங்க



போன ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் சமையற்கட்டுல எங்களைக் காணோமேன்னு சில பேர் கேட்டீங்க. நாங்க கோயிலுக்குப் பின்னாடி கொட்டகையிலதான் இருந்தோம், ஐயாவோட பழைய இஸ்வாரா காடியோட கதவைப் பிரிச்சுக்கிட்டு. எப்படிப் பிரிச்சோம், எப்படித் திரும்ப மாட்டினோம்னு எழுதச் சொல்லி நம்ம பசங்க கேட்டாங்க. எழுதுறோம். பழைய காடி வச்சிருக்கவங்களுக்கு உதவும். கூடவே எங்க தப்பு ஒண்ணையும் ஒத்துக்க வேண்டியிருக்கு. அதனால பதிவு நீளம். தேத்தண்ணி போட்டுக்கிட்டு வந்து படிங்க.

ஐயாவை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். பேர் போட வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க, அதனால ஐயான்னே எழுதுறோம். தோட்டத்துல பிறந்து வளர்ந்து, பிறகு பிறை பக்கம் குடி வந்தவர். வெள்ளிக்கிழமை விடியக்காலையில பசார்ல காய்கறி, தேங்காய், வாழை இலை எல்லாம் ஏத்திக்கிட்டு கோயிலுக்கு வர்றது அவரோட வெள்ளை இஸ்வாராதான். அன்னதானம் முடிஞ்சதும் நடக்க முடியாத பாட்டிங்களை வீடு வீடா இறக்கி விட்டுட்டு வர்றதும் அதே காடிதான். பெட்ரோல் காசுன்னு ஒரு வெள்ளி அவர் கோயில்ல வாங்கினது கிடையாது.

இப்ப உள்ள பசங்களுக்கு இஸ்வாரான்னா என்னன்னு தெரியாது. 1985ல நம்ம நாட்டுல முதல் புரோட்டோன் சாகா வந்துச்சு. பினாங்குப் பாலம் திறந்ததும் அந்த வருஷம்தான். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரை வச்சு செஞ்ச காடி அது. அதையே மெருகேத்தி 1992ல இஸ்வாரான்னு விட்டாங்க. ஐயாவோடது கண்ணாடியைக் கையால சுத்தி ஏத்துற ரகம். கதவுக்குள்ள கம்ப்யூட்டர் இல்ல, ஏர்பேக் இல்ல. அதனாலதான் நம்மள மாதிரி ஆளுங்க இன்னமும் கை வைக்க முடியுது.

போன வருஷம் ஆடி மாசம் ஐயா தவறிட்டார். அம்மா காடியை விக்கல. "கோயிலுக்கே ஓடட்டும் தம்பி. வெள்ளிக்கிழமை மட்டும் என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க" அப்படின்னாங்க. அம்மா உட்கார்றது முன் சீட்டு, இடது பக்கம். இந்தப் பதிவு அந்த இடது பக்கக் கதவைப் பத்தினதுதான்.

மூணு வாரத்துக்கு முன்னாடி அம்மா கண்ணாடியை ஏத்தும்போது உள்ள 'டொக்'னு ஒரு சத்தம். கண்ணாடி கதவுக்குள்ள விழுந்துடுச்சு. கைப்பிடி சும்மா சுத்துது. அன்னிக்கு நல்ல மழை வேற. குப்பைப் பையை வெட்டி டேப் போட்டு ஒட்டி, அம்மாவை வீட்டுல விட்டுட்டு வந்தோம். பெங்கெல்ல கேட்டா, "பழைய காடி, கழட்டினா டோர் பேனல் உடையத்தான் செய்யும், அப்புறம் எங்களைக் குறை சொல்லக் கூடாது" அப்படின்னுட்டாங்க. சரி, நாமளே பார்ப்போம்னு முடிவு பண்ணி அம்மாகிட்ட கேட்டோம்.

அம்மா ஒண்ணுதான் சொன்னாங்க. "கதவை உடைச்சிடாதீங்க தம்பி. நான் ஏறின பிறகு அவர்தான் வெளியே நின்னு சாத்துவாரு. ஒரு நாளும் என்னைச் சாத்த விட்டதில்ல."

இதுக்கு மேல என்ன சொல்றது. பத்திரமா செய்றோம்மான்னு சொல்லிட்டு வந்தோம்.

சரி, வேலைக்கு வருவோம்.

டோர் பேனல்னா கதவோட உள்பக்கம் நாம கை வைக்கிற பகுதி. பழைய காடியில அது அழுத்தமான அட்டைதான். மேல ரெக்சின் ஒட்டியிருப்பாங்க. அந்த அட்டையைக் கதவோட சேர்த்துப் பிடிக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு ஸ்க்ரூ. இன்னொண்ணு, அட்டைக்குப் பின்னாடி ஓரம் பூரா இருக்கிற பிளாஸ்டிக் கிளிப். கதவு இரும்புல ஓட்டை இருக்கும், அதுல கிளிப் போய் உட்கார்ந்துக்கும். ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியும், இல்லன்னா ஒரு மூடிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். கிளிப் கண்ணுக்கே தெரியாது. பேனலை உடைக்கிறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் உடைக்கிறாங்க. ஒரு ஸ்க்ரூவைப் பார்க்காம விட்டுட்டு, கிளிப்தான் இறுகி இருக்குன்னு நினைச்சு பலமா இழுப்பாங்க. அட்டை கிழிஞ்சிடும்.

எங்களோட ரெண்டு பசங்க இருந்தாங்க. ஒருத்தன் தொழிற்பயிற்சிக் கல்லூரியில மோட்டார் படிக்கிறான். நல்ல கை. ஆனா வயசு அப்படி, எடுத்த உடனே ஓரத்துல விரலை விட்டு இழுக்கப் போனான். "தம்பி, நிறுத்து" அப்படின்னோம்.

எங்க தொழிற்சாலையில புது ஆள் வந்தா முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறதே இதுதான். சாமான் ஜிக்ல இருந்து வரலன்னா தட்டாதே, நெம்பாதே. நிறுத்து, கூப்பிடு, காத்திரு. இருபத்தி ரெண்டு வருஷமா லைன்ல இதைச் சொல்லிக்கிட்டு இருக்கோம். தட்டினவன் உடைச்சது சுலபமா தெரியும். தட்டி உடையாம விட்டது, நாலு மாசம் கழிச்சு வாடிக்கைக்காரன் கையில உடையும். அதுதான் மோசம்.

முதல்ல போனை எடுத்துக் கதவை நாலு பக்கமும் படம் பிடிச்சோம். கண்ணாடி சுத்துற கைப்பிடி எந்தத் திசையில நிக்குதுன்னு பார்க்க இன்னொரு பக்கக் கதவையும் கண்ணாடியை ஏத்தி வச்சுப் படம் எடுத்தோம். திரும்ப மாட்டும்போது ரெண்டும் ஒரே மாதிரி நிக்கணும். இல்லன்னா முட்டியில இடிக்கும்.

காடியைக் காலையில வெயில்ல விட்டோம். கூரைக்குள்ள இருக்கிறது நமக்கு வசதி, ஆனா பழைய பிளாஸ்டிக்குக்குக் கொஞ்சம் சூடு வேணும். அரை மணி நேரம் வெயில் பட்டா ரெக்சினும் கிளிப்பும் இளகிக் கொடுக்கும். குளிர்ச்சியா இருக்கும்போது நெம்பினா 'டக்'னு ஒடியும்.

அப்புறம் ஸ்க்ரூ. கை வச்சு இழுத்துச் சாத்துற பிடியில ரெண்டு. கதவு திறக்கிற லீவரைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கூட்டுல ஒண்ணு. வட்டமா சின்ன மூடி எங்க இருந்தாலும் நகத்தாலயோ மெல்லிசான பிளாஸ்டிக்காலயோ எடுத்துப் பாருங்க, அடியில ஸ்க்ரூ இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் சரியான சைஸா இருக்கணும். சின்னதைப் போட்டுச் சுத்தினா தலை வழிஞ்சிடும், அப்புறம் துளைதான் போடணும். கழட்டின ஸ்க்ரூவை ஒரே டப்பாவுல கொட்டாதீங்க. நாங்க ஒரு அட்டையில கதவு படத்தைக் கிறுக்கி, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்துலயே குத்தி வச்சோம். நீளமானதை மாத்திப் போட்டா உள்ள கண்ணாடியில போய் முட்டும்.

கண்ணாடி சுத்துற கைப்பிடிதான் நிறைய பேரு திணர்ற இடம். அதுல ஸ்க்ரூ இருக்காது. கைப்பிடிக்கும் பின்னாடி இருக்கிற வட்டத் தட்டுக்கும் நடுவுல, குதிரை லாடம் மாதிரி ஒரு ஸ்பிரிங் கம்பி பிடிச்சிருக்கும். சிலர் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி பேனலையே குத்திடுவாங்க. அதுக்கு ஒரு பழைய வேட்டித் துணி போதும். கைப்பிடிக்குப் பின்னாடி துணியைச் சுத்திவிட்டு, ரெண்டு நுனியையும் பிடிச்சு, சப்பாத்துக்குப் பாலிஷ் போடுற மாதிரி இங்கும் அங்கும் இழுங்க. துணியோட நூல் கம்பியோட நுனியில மாட்டி அதை வெளியே தள்ளிடும். ஆனா அது தெறிச்சு ஓடும். ஒரு கையை மேல மறைச்சு வச்சுக்கணும், கண்ணையும் தள்ளி வச்சுக்கணும். எங்களோடது தெறிச்சு மாவாட்டுற கிரைண்டருக்கு அடியில போய்ட்டுது. கால் மணி நேரம் தேடினோம்.

இது எல்லாம் முடிஞ்சும் பேனலோட அடிப்பக்கம் அசையவே இல்ல. தம்பி எங்க முகத்தைப் பார்த்தான். "கிளிப்புதான் அங்கிள், கொஞ்சம் அழுத்தி இழுத்தா வந்துடும்" அப்படின்னான். இல்ல, வரலன்னா இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கு, தேடுன்னு சொன்னோம். டார்ச் லைட்டைப் போட்டுக் கீழ குனிஞ்சு பார்த்தான். அடி ஓரத்துல அழுக்கோட அழுக்கா நாலு ஸ்க்ரூ. தலைக்கு அடியில வாஷர் போட்டு, மேல வெள்ளை பெயிண்ட் தொட்டு வச்சிருக்கு.

அது கம்பெனி ஸ்க்ரூ இல்ல. யாரோ வீட்டுல உட்கார்ந்து, அளவு பார்த்து, வரிசையா போட்ட ஸ்க்ரூ. ஐயாவோட வேலைன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. கோயில் செருப்பு அலமாரியிலயும் அவர் இப்படித்தான் வாஷர் போட்டு பெயிண்ட் தொட்டு வச்சிருப்பார். எதுக்கு இங்க போட்டார்னு அப்ப எங்களுக்குப் புரியல.

அந்த நாலையும் எடுத்த பிறகுதான் கிளிப். அடி மூலையில இருந்து ஆரம்பிக்கணும். விரலை உள்ள விட்டுத் தடவி, கிளிப் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதுக்குப் பக்கத்துலயே நெம்பணும். ரெண்டு கிளிப்புக்கு நடுவுல நெம்பினா அட்டைதான் வளையும். இதுக்குன்னு பிளாஸ்டிக்ல முள்கரண்டி மாதிரி ஒரு சாமான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில விக்கிறாங்க. இல்லன்னா தட்டையான ஸ்க்ரூ டிரைவர்ல துணி சுத்திக்கலாம், பெயிண்ட் கீறாது. ஒண்ணு கழண்டதும் அடுத்தது. ஒவ்வொண்ணா 'பொக், பொக்'னு வரும்.

எல்லாம் கழண்ட பிறகும் நேரா இழுக்கக் கூடாது. பேனலோட மேல் விளிம்பு கண்ணாடி இறங்குற இடத்துல கொக்கி மாதிரி மாட்டியிருக்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல் பக்கமா தூக்கணும். தூக்கின உடனே கொண்டு ஓடிடாதீங்க. பின்னாடி ஒயர் இருக்கும். ஐயா காடியில ஸ்பீக்கர் ஒயர். கரண்டுல கண்ணாடி ஏறுற காடின்னா சுவிட்சு ஒயரும் இருக்கும். அந்த மாதிரி காடிக்கு முதல்லயே பேட்டரியோட நெகடிவ் ஒயரைக் கழட்டி வச்சுடுங்க. ஒயர் முனையில இருக்கிற சின்ன நாக்கை அழுத்திக்கிட்டு முனையைத்தான் இழுக்கணும், ஒயரை இழுக்கக் கூடாது. கதவுல ஏர்பேக் இருக்கிற புது காடின்னா நீங்க தொடவே தொடாதீங்க, பெங்கெலுக்கே விட்டுடுங்க.

பேனலைத் தூக்கி மேசையில திருப்பிப் போட்டோம். எல்லாருக்கும் வாய் அடைச்சுப் போச்சு.

அட்டையோட அடிப்பாதி கறுத்து, ஊறி, அடுக்கு அடுக்கா பிரிஞ்சு கிடக்கு. கிளிப் மாட்டுற துவாரம் அடியில ஒண்ணு கூட முழுசா இல்ல. அதனாலதான் ஐயா ஸ்க்ரூ போட்டிருக்கார். கிளிப் பிடிக்காத அட்டையை அந்த நாலு ஸ்க்ரூதான் இத்தனை வருஷமா பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

தம்பி கதவோட இரும்பைப் பார்த்துட்டு கேட்டான். "அங்கிள், இங்க பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு இருக்கணுமே. சுத்தி கறுப்பு கம் மட்டும் இருக்கு. யாரு பிச்சது?"

எங்கள்ல ஒருத்தர் சொன்னோம், "எவனாச்சும் பெங்கெல்காரன் வேலையா இருக்கும்."

அது பொய். அதைப் பிச்சது நாங்கதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, தைப்பூசத்துக்கு முந்தின வாரம். ஐயா காடியில பக்திப் பாட்டு கேட்க ஸ்பீக்கர் இல்லன்னு நாங்களா போய், ஐயா நாங்க மாட்டித் தர்றோம்னு நின்னோம். அவர் வேணாம்னு சொன்னார். நாங்க விடல. ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு வந்த அவசரம், தண்ணீர்ப்பந்தல் வேலை வேற காத்துக்கிட்டு இருக்கு. பேனலைப் பிடிச்சு இழுத்தோம், ரெண்டு கிளிப் ஒடிஞ்சுது. உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்பு கம்முல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வழியில இருக்குன்னு கிழிச்சுச் சுருட்டிக் குப்பையில போட்டோம். வெறும் பிளாஸ்டிக்தானே. ஸ்பீக்கரை மாட்டி, பேனலைக் குத்தி அடைச்சு, பாட்டுப் போட்டுக் காட்டினோம். ஐயா சிரிச்சார். எங்களுக்கு ரொம்பப் பெருமை.

அந்த ஷீட் எதுக்குன்னு இப்ப சொல்றோம், கேட்டுக்கோங்க. காடிக் கதவு தண்ணி புகாத பெட்டி கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் கண்ணாடி வழியா வழியிற தண்ணியில கொஞ்சம் கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும். அது தெரிஞ்சுதான் கதவோட அடியில சின்னச் சின்ன ஓட்டை விட்டிருக்காங்க, தண்ணி வெளியே போக. உள்ள இறங்குற தண்ணி இந்தப் பக்கம் அட்டையில படாம இருக்கத்தான் அந்த ஷீட். ஷீட் இல்லன்னா அட்டை தண்ணி குடிக்கும், ஊதும், கிளிப் பிடி விட்டுப் போகும். அப்புறம் தண்ணி உள்பக்கமா வழிஞ்சு கால் வைக்கிற கார்ப்பெட்ல இறங்கும். நம்ம ஊர் மழைக்கு ஒரு வருஷம் போதும். இதுக்கு ஒன்பது வருஷம்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்ட்டோம், தூக்கம் வரல. ஐயா காடியில இடது பக்கம் எப்பவும் பேப்பர் விரிச்சிருக்கும். தமிழ்ப் பேப்பரைப் படிச்சு முடிச்சுட்டு அங்க போடுவார். சுத்தமா வச்சுக்கிற மனுஷன், மண்ணு ஒட்டாம இருக்கப் போடுறார்னு நாங்க நினைச்சோம். எத்தனை வெள்ளிக்கிழமை அந்தப் பேப்பர் மேல கால் வச்சு உட்கார்ந்து போயிருக்கோம். இது எங்களுக்குத் தோணவே இல்ல.

மறு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலையா பசங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, அந்த ஷீட்டைக் கிழிச்சது நாங்கதான், பெங்கெல்காரன் இல்லன்னு சொன்னோம். மோட்டார் படிக்கிற தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி அங்கிள், புதுசா போட்டுடலாம்" அப்படின்னான். அவ்வளவுதான். போன வாரம் அவனைப் பார்த்து இழுக்காதேன்னு சத்தம் போட்டது எங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. அவனுக்கும் வந்திருக்கும், சொல்லல.

இனி சரி செஞ்சதைச் சொல்றோம்.

கண்ணாடி விழுந்ததுக்குக் காரணம் சின்னதுதான். கண்ணாடியோட அடியில ஒரு இரும்புத் தடம் இருக்கு, அதுல ஓடுற ரோலர் தேய்ஞ்சு கழண்டுடுச்சு. கண்ணாடியைக் கையால மேல தூக்கி, கதவுக்கு மேல டேப் போட்டுக் கட்டி நிறுத்திட்டுத்தான் உள்ள கை விடணும். விழுந்தா விரல் போய்டும். கதவுக்குள்ள இரும்பு விளிம்பு எல்லாம் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கோங்க. பழைய சாமான் கடையில அதே மாடல் காடியில இருந்து கழட்டின தூக்கி ஒண்ணு வாங்கி மாட்டி, ரோலர் ஓடுற தடத்துல வெள்ளை கிரீஸ் தடவினோம். கதவோட அடி ஓட்டைகள் மண்ணும் இலையும் சேர்ந்து அடைச்சுக் கிடந்துச்சு. ஈர்க்குச்சியால குத்தித் தண்ணி ஊத்திப் பார்த்தோம், ஓடுச்சு.

அட்டை ஊறினதைக் காய வைக்க வெயில்ல போடாதீங்க, முறுக்கிக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமையே நிழல்ல வச்சு, மேல பலகையும் அரிசி மூட்டையும் ஏத்தி ஒரு வாரம் விட்டிருந்தோம். பிரிஞ்ச அடுக்குக்குள்ள மரப் பசையை விட்டு, ரெண்டு பலகைக்கு நடுவுல கிளாம்ப் போட்டு இறுக்கினோம். பசை பலகையில ஒட்டாம இருக்க நடுவுல பிளாஸ்டிக் தாள் வச்சுக்கோங்க. கிளிப் துவாரம் கிழிஞ்ச இடத்துல எல்லாம் மெல்லிசான பிளாஸ்டிக் துண்டை வெட்டி, எபாக்சி போட்டு ஒட்டி, புதுசா துவாரம் போட்டோம். கிளிப் புதுசு. பழைய கிளிப் நல்லா இருந்தாலும் மாத்திடுங்க, பெரிய விலை இல்ல. வாங்கப் போகும்போது பழசு ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தடிமன் மாறும்.

அப்புறம் அந்த ஷீட். குப்பைப் பை மாதிரி மெல்லிசு ஆகாது. கனமான பிளாஸ்டிக் தாளா வாங்கினோம். முதல்ல பேப்பர்ல கதவோட அச்சை எடுத்து, அதை வச்சு வெட்டினோம். கைப்பிடி தண்டுக்கும் லீவருக்கும் மட்டும் அளவா ஓட்டை. சுத்தியும் கறுப்பு கம் டேப், பியூட்டைல் டேப்புன்னு கேட்டா தருவாங்க. முக்கியமான விஷயம் அடி விளிம்பு. கதவு இரும்புல இருக்கிற திறப்புக்கு உள்பக்கமா அதைச் செருகி விடணும். அப்பத்தான் ஷீட்ல வழியிற தண்ணி கதவுக்குள்ளயே விழுந்து அடி ஓட்டை வழியா போகும். வெளிப்பக்கமா விட்டா ஷீட் போட்டும் பிரயோஜனம் இல்ல. உங்க காடியில பழைய ஷீட் நல்லா இருந்தா கிழிக்காதீங்க. வெயில்ல கம் இளகினதும், பிளேடால கம்மை மட்டும் மெதுவா அறுத்து, ஷீட்டை மடக்கி டேப் போட்டு ஒதுக்கி வைங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சோதிச்சோம். கண்ணாடி ஏறி இறங்குதா, பூட்டு விழுதா, லீவர் திறக்குதா, ஸ்பீக்கர் பாடுதா. பேனலை மூடின பிறகு கண்டுபிடிச்சா மறுபடி எல்லாம் கழட்டணும். அப்புறம் மேல் விளிம்பை முதல்ல மாட்டி, ஒவ்வொரு கிளிப்பும் அதோட ஓட்டைக்கு நேரா இருக்கான்னு பார்த்து, உள்ளங்கையால ஒரு தட்டு. நேரா இல்லாம தட்டினா கிளிப் மடங்கி ஒடியும். ஸ்க்ரூ எல்லாம் கையால பாதி போட்டுட்டு, கடைசியாத்தான் இறுக்கணும். சுத்துற கைப்பிடிக்கு அந்த லாடக் கம்பியைக் கைப்பிடியிலேயே முதல்ல மாட்டிட்டு, தண்டுல வச்சு அமுக்கினா 'கிளிக்'னு உட்காரும்.

இப்ப கிளிப் எல்லாம் நல்லா பிடிக்குது. ஐயாவோட நாலு ஸ்க்ரூ தேவையே இல்ல. தம்பி அதைக் கையில வச்சுக்கிட்டு, "இதை என்ன செய்ய அங்கிள்?" அப்படின்னான். எடுத்த இடத்துலயே போடுன்னு சொன்னோம். போட்டான்.

அன்னிக்குச் சாயங்காலமே காடியை அம்மா வீட்டுக்குக் கொண்டு போனோம். கண்ணாடியை ஏத்தி இறக்கிக் காட்டினோம். அம்மாவுக்குச் சந்தோஷம். தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. கிளாஸைக் கையில வாங்கிக்கிட்டு, நின்னபடியே சொல்லிட்டோம். அம்மா, ஸ்பீக்கர் மாட்டின அன்னிக்கு உள்ள இருந்த ஷீட்டைக் கிழிச்சுப் போட்டது நாங்கதான். அதனாலதான் இந்தப் பக்கம் ஈரம். இத்தனை வருஷம் உங்க கால் நனைஞ்சது எங்களாலதான்.

அம்மா காடியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "தெரியும் தம்பி. முதல் மழைக்கே தண்ணி வந்துச்சு. அவர் கழட்டிப் பார்த்துட்டு என்னன்னு சொன்னாரு. கேளுங்கன்னு நான்தான் சண்டை போட்டேன். 'பிள்ளைங்க ஆசையா செஞ்சதும்மா, சொன்னா இனிமே யாருக்கும் ஒண்ணும் செய்ய வர மாட்டாங்க' அப்படின்னு பேப்பரை விரிச்சாரு. ஒவ்வொரு மழைக்கும் அவரே மாத்துவாரு."

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மாவே சொன்னாங்க. "அவர் சொல்லியிருக்கலாம்தான். நீங்களும் கேட்டிருக்கலாம்."

எங்களால பதில் சொல்ல முடியல. அம்மா சொன்னது ரெண்டும் சரி. ஒன்பது வருஷத்துல ஒரு தடவை, ஐயா பாட்டு நல்லா கேக்குதா, கதவு சரியா இருக்கான்னு நாங்க கேட்டிருந்தா, அவர் வாயைத் திறந்திருப்பார். நாங்க மாட்டிக் கொடுத்துட்டு, கும்பிடு வாங்கிட்டு, அடுத்த வேலைக்குப் போய்ட்டோம். தொழிற்சாலையில ஒரு சாமான் வெளியே போனா வாடிக்கைக்காரன்கிட்ட இருந்து குறை வருதான்னு மாசா மாசம் பார்க்கிறோம். கோயில் ஆளுக்குச் செஞ்சதை ஒரு தடவை கூட திரும்பிப் பார்க்கல.

தொண்டு செய்யிற பசங்களுக்குச் சொல்றோம், எங்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்தவங்க சாமான்ல கை வைக்கும்போது அவசரப்படாதீங்க. வரலன்னா இழுக்காதீங்க, ஸ்க்ரூவைத் தேடுங்க. எதுக்குன்னு தெரியாத ஒண்ணைக் கிழிச்சுக் குப்பையில போடாதீங்க. செஞ்சு முடிச்சு ஒரு மாசம் கழிச்சு, ஒரு மழை பெஞ்ச பிறகு, போய்க் கேளுங்க. பெரியவங்க அவங்களா சொல்ல மாட்டாங்க.

இந்த வெள்ளிக்கிழமை விடியக்காலையில நல்ல மழை. பசாருக்குப் போய்ட்டு அம்மாவை ஏத்தப் போனோம். காடி கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தோம், காய்ஞ்சு இருந்துச்சு. அம்மா ஏறினாங்க. தம்பி குடையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நின்னு, கதவை மெதுவா சாத்தினான். நாங்க சொல்லிக் கொடுக்கல.

அம்மா பழக்கத்துல ஒரு பேப்பரைக் கொண்டு வந்திருந்தாங்க. மடியிலயே வச்சுக்கிட்டாங்க.

பழைய காடி கதவுல சந்தேகம் இருந்தா கீழ எழுதுங்க, தெரிஞ்சதைச் சொல்றோம். ஞாயிற்றுக்கிழமை காலையில கொட்டகையில இருப்போம், காடியைக் கொண்டு வந்தாலும் சரி. கிளிப் மட்டும் நீங்க வாங்கிக்கிட்டு வந்துடுங்க.